சாம்பல் விழும்வரை

சுருட்டைப் பற்றவைக்க லைட்டரைவிடத் தீக்குச்சிதான் நல்லது. உரசியதும் எழும் கந்தக நெடி போகும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் சுருட்டின் நுனியைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். சுடர் இலையைத் தொடக் கூடாது. இந்தச் சின்னப் பொறுமைகூடப் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. உங்கள் மேசைமேல் கிடக்கும் பிளாஸ்டிக் லைட்டரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. என் தங்கையின் கணவர் என் வீட்டு மாடி அறையில் இறந்துபோனபோது நான் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டதாகப் பேராசிரியர் போலீஸ் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரும் ஆமாம் போட்டிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அன்று நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு தொண்டையில் மாட்டிய முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு வருஷம் பெட்டிக்குள் பக்குவப்பட்ட ஒரு சுருட்டு கையில் இருக்கும்போது தூங்குகிறவன் நான் இல்லை. தீப்பிடித்த கிடங்குகளுக்குப் போய், நெருப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது என் உத்தியோகம். கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கவனிக்காமல் விட்டேன் என்று என்னைப் பற்றி யாரும் எழுதக் கூடாது.

நான் எல்லாவற்றையும் கவனித்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் மாடி அறையில் கூடுவோம். பேராசிரியர், பல் டாக்டர், நான். நான்கைந்து வருஷமாக இது நடக்கிறது. இருவருக்கும் ஆரம்பத்தில் சுருட்டை எந்தப் பக்கம் வெட்டுவது என்றுகூடத் தெரியாது. பேராசிரியர் சிகரெட்டை இழுப்பதுபோல நெஞ்சுவரை இழுத்துவிட்டு இருமுவார். புகையை வாயிலேயே வைத்திருந்து, நாக்கின்மேல் உருட்டி, பிறகு மெதுவாக வெளியே விட வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல் டாக்டர் பத்துப் பதினைந்து தடவை கேட்டும், உலர்ந்த அத்திப்பழத்தின் வாசனைக்கும் பழைய தோலின் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிப்பார். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறவருக்குத் தன் வாயில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அறைக்கு விதிகள் உண்டு. செல்போன், கோட்டு எல்லாம் வெளியே வராந்தாவில். சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது. முதல் பாதி முடியும்வரை பேச்சு கிடையாது, கண்ணை மூடியிருக்க வேண்டும். நேரத்தைச் சாம்பலால் அளப்போம். நல்ல இலையை நீளவாக்கில் வைத்துச் சுற்றிய சுருட்டில் சாம்பல் உதிராது. வெள்ளையாக, கெட்டியாக, விரல் அகலத்துக்குமேல் நிற்கும். அதைத் தட்டுவது நாகரிகமில்லாதவன் வேலை.

இந்த இடத்துக்குத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

டயர்க் கடைக்காரர். கடைத்தெருவில் எல்லோரும் ‘டயர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொள்வார். தங்கைதான் அழைத்துவந்து விட்டாள். வந்த முதல் நாளே, நான் சுருட்டை வெட்டுவதைப் பார்த்து, “என்ன மச்சான், கேக் வெட்டுற மாதிரி இவ்வளவு பதவிசா வெட்டுறீங்க. பாட்டு கீட்டு பாடணுமா?” என்றார். பல் டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அறையில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“இதுல என்ன வருதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை” என்று கேட்டேன்.

“புகை வருது.”

“அது சரி. வாசனை?”

“நீங்க சொல்லுங்க, நானும் அதையே சொல்லிடறேன். எதுக்கு வம்பு?”

“மழை பெஞ்ச மண்ணு. வறுத்த காப்பிக்கொட்டை. கடைசியில லேசா மிளகு.”

அவர் கண்ணை மூடி, மூக்கை உறிஞ்சி, பெரிய ஞானிபோலத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “எனக்கு என் கடை வாசனைதான் வருது மச்சான். இதுக்கா பதினெட்டு வருஷம் பூட்டி வச்சீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா பழைய டயர் ஒண்ண அன்னிக்கே கொளுத்திக் காட்டியிருப்பேனே.”

பேராசிரியருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புகையால் அல்ல.

எனக்குக் கோபம் வரவில்லை. நாய்க்குட்டி கம்பளத்தில் அசிங்கம் பண்ணினால் கோபப்படுவோமா? துடைத்துவிடுவோம். அவ்வளவுதான். ஆனால் வாரா வாரம் வந்தார். அவர் பேச, மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டார்கள். பிறகு அவர் சொல்வதற்காகவே காத்திருந்தார்கள். நான் ஒரு இலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டரின் பார்வை மாப்பிள்ளை பக்கம் போகும். அடுத்து என்ன வேடிக்கை வரப்போகிறது என்று. கறுப்பு ஏறிய விரல்களால் அவர் சாம்பலைத் தட்டுவார். அவரைப் பார்த்து மற்ற இருவரும் தட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிறு கிளம்பும்போது மாப்பிள்ளை சொன்னார்: “அடுத்த வாரத்துலேருந்து நம்ம கடை மாடிக்கு வந்துடுங்க. நல்லா காத்து வரும். பேசலாம், சிரிக்கலாம். இங்க என்னமோ ஆஸ்பத்திரியில வெயிட் பண்ற மாதிரியே இருக்கு.”

நான் மற்ற இருவரையும் பார்த்தேன். பேராசிரியர் செருப்பைத் தேடினார். “யோசனை ஒண்ணும் மோசமில்ல” என்றார், செருப்பிடம் சொல்வதுபோல.

அப்போதுதான் அந்தப் பந்தயத்தைச் சொன்னேன். ஒரு சுருட்டைப் பாதிவரை, வாயைத் திறக்காமல், எழுந்திருக்காமல் மாப்பிள்ளை பிடித்து முடித்தால், எல்லோரும் கடை மாடிக்குப் போவோம், நானும் வருவேன். இல்லையென்றால் கூட்டம் இங்கேயே நடக்கும், அவர் வரக் கூடாது.

“வாய மூடிட்டு உக்காரணும், அவ்வளவுதானே?” என்றார் மாப்பிள்ளை. “அதே விதி உங்களுக்கும் உண்டா மச்சான்? நீங்க முதல்ல பேசினா?”

“நான் பேசமாட்டேன்.”

“அதைக் கேக்கல. பேசினா?”

“பேசினா நான் தோத்ததா வச்சுக்கலாம்.”

“டாக்டரே, கேட்டுக்கிட்டீங்கல்ல? சாட்சி நீங்கதான்.”

அந்த வாரம் நடுவில் என் தங்கை போன் செய்தாள். இதையும் சொல்லிவிடுகிறேன், அவளிடம் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். “அண்ணே, அவரு உங்கிட்ட சொல்லியிருக்கமாட்டாரு. நெஞ்சுல அடைப்பு இருக்குதாம். புகையே ஆகாதுன்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். ரெண்டு இழுப்புதான் இழுக்கிறேன், சும்மா கையில வச்சுக்கிட்டு அவங்களைச் சிரிக்க வைக்கத்தான் போறேன்கிறாரு. மச்சானுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சுன்னா போதும்கிறாரு. வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை கோட்டுப் பையில இருக்கு. கொஞ்சம் பாத்துக்கோண்ணே. நீ இருக்கேங்கற தைரியத்துலதான் விடறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டும்தான் இருந்தேன்.

ஞாயிறன்று மாப்பிள்ளை குளித்து, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்தார். கோட்டை வராந்தாவில் மாட்டச் சொன்னேன். எப்போதும் சொல்வதுதான், அதில் ரப்பர் வாசனை அடிக்கும். மாட்டும்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்துவிட்டார்.

தேவதாருப் பெட்டியிலிருந்து நல்லதாக நான்கு எடுத்தேன். மேலிலை எண்ணெய்ப் பசையோடு, தடவினால் காது மடல்போல இருந்தது. பற்றவைத்தோம். பேராசிரியரும் பல் டாக்டரும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் காதே போதும் அல்லவா. மாப்பிள்ளையும் நானும் எதிரெதிரே. நாங்கள் இருவரும் கண்ணை மூடவில்லை.

சாம்பல் நகத்தளவு வளரும்வரை அவர் என்னைப் பார்த்துக் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தார். கன்னத்தை உப்பிக் காட்டினார், உதட்டில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போடுவதுபோல நடித்தார். தட்டாமல், சாம்பலை நிமிர்த்திப் பிடித்திருந்தார். நான் எத்தனையோ தடவை சொன்னது அன்றைக்குத்தான் காதில் ஏறியிருந்தது.

பிறகு அவர் முகம் மாறியது. மேலுதட்டில் வியர்வை பொடித்தது. அறையில் வெக்கை இல்லை. அந்த அறையின் சூடும் ஈரமும் என் கணக்கில்தான் இருக்கும். இடது தோளை ஒருமுறை உருட்டினார். சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் மெல்ல வைத்துவிட்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘போங்க’ என்றால் போதும். அவர் ஜெயித்தவராக எழுந்துபோய்க் கோட்டை எடுத்திருப்பார்.

நான் கதவை நோக்கிக் கையைக் காட்டினேன். மரியாதையாகத்தான். வேண்டுமானால் எழுந்து போகலாம், யாரும் தடுக்கவில்லை என்று. அவருக்கும் அது புரிந்தது. சிரிக்கப் பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். மாட்டேன் என்று. அதைப் பிடிவாதம் என்று சொல்வதா, அசட்டுத்தனம் என்று சொல்வதா? ஒரு மொட்டை மாடிக்காக. எழுந்திருப்பதற்கு அவருக்குக் கால் இருந்தது, கூப்பிடுவதற்கு வாய் இருந்தது. வாழ்நாளெல்லாம் வாயை மூடாத மனுஷன்.

அவருடைய மூச்சு கொஞ்சம் சத்தமாக வந்தது. பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் புன்னகை செய்து, கையைத் தாழ்த்தி, ரசிக்கிறார், விடுங்கள் என்று சைகை காட்டினேன். பல் டாக்டர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னால் கேட்கிறவர் என்று முன்பே சொன்னேன் அல்லவா? பல்லுக்குக் கீழே ஒரு மனிதனுக்கு உடம்பு இருக்கிறது என்பது அவருக்குப் படித்த காலத்தோடு மறந்துபோயிருக்கும். அவரிடம் இன்று இதைச் சொல்லாதீர்கள் என்று கேட்கமாட்டேன். சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் கண்கள் என்னை விட்டு நகரவில்லை. கடைசியில் அவை என்னைப் பார்ப்பதை நிறுத்தின, ஆனால் திறந்தே இருந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்த நேரத்தில் வந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை. பாதி வந்துவிட்டது என்று பேராசிரியர் கண்ணைத் திறந்து, “அட, ஜெயிச்சுட்டீங்களே டயர் அண்ணே” என்றபோதுதான் அறையில் முதல் பேச்சு கேட்டது. அவர்கள் அலறி ஓடியபோது நான் உட்கார்ந்தே இருந்ததைப் பார்த்துத்தான் தூங்கிவிட்டதாக முடிவுகட்டியிருக்கிறார்கள்.

என் தங்கை என் மடியில் விழுந்து அழுதாள். “நீ கவனிச்சிருந்தா விட்டிருக்கமாட்டே. உன்மேல ஒரு தப்பும் இல்லண்ணே” என்றாள். அவளுக்கும் நான் கவனிக்காதவன் ஆகிவிட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து என்னை இப்படி ஒரு அரைத்தூக்கக்காரனாக ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நோய் எனக்குத் தெரியும், மாத்திரை எங்கே இருந்தது என்றும் தெரியும். அவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. உதவிக்கு எழ இருந்தவரையும் உட்கார வைத்தேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பகையினால் இல்லை. ஒரு நல்ல பொருளுக்குரிய மரியாதையை அது கேட்கிற அளவுக்குக் கொடுத்தேன். பதினெட்டு வருஷம் காத்திருந்த ஒன்றை, கடைத்தெரு மனிதர் ஒருவருக்கு வியர்க்கிறது என்பதற்காகப் பாதியில் கீழே வைக்க முடியாது. உங்களுக்கு இது புரியாது. அதனால் என்ன, எழுதிக்கொண்டால் போதும்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே கிண்ணம்தான். அதில் இரண்டு சுருட்டுகள் கிடந்திருக்கும். ஒன்றில் சாம்பல் கொஞ்சமும் உடையாமல் பாதிவரை நின்றது. அது அவருடையது. யாரும் இழுக்காமலேயே அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

மற்றது, நகத்தளவுக்குமேல் எரியாமல் அணைந்துபோனது, என்னுடையது. அவர் நெஞ்சில் கை வைத்ததிலிருந்து நான் ஒரு இழுப்புக்கூட இழுக்கவில்லை. அந்தச் சுருட்டு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மற்றதையெல்லாம் எழுதுங்கள். அது அணைந்துபோனதை மட்டும் எழுத வேண்டாம். பேராசிரியர் காதுக்குப் போனால் நன்றாக இருக்காது.