வெர்னா பதினோரு முறை சொன்னது

காலையில் காபி குடிக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. அன்றைக்குக் காபிப் பானையின் வயரைச் செருகக் கூடாத இடத்தில் செருகியது நான்தான். படப்பிடிப்புத் தளம் முழுவதும் ஒரே நொடியில் இருண்டது. ஹாலிவுட்டில் இருபது வருடமாக விளக்குப் போடுகிற மெல்வின் டகெட், ஒரு குவளைக் காபிக்காக எண்பது பேரை இருட்டில் தள்ளினான் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளிச்சம் திரும்பியபோது எல்லோரும் இடம் மாறியிருந்தார்கள். இயக்குநர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வெர்னா மட்டும் தரையில் சாக்பீஸ் குறி போட்ட இடத்தில், சாய்த்த தலைகூட நிமிராமல் நின்றாள்.

அப்படித்தான், லெப்டினன்ட், அவளை முதன்முதலில் பார்த்தேன். உங்கள் போலீஸ் வாக்குமூலத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

வெர்னா ஹாலரன் நடிகை இல்லை. கதாநாயகிக்குப் பதிலாக நிற்பவள். நாங்கள் விளக்குகளைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை நட்சத்திரம் தன் அறையில் கால் நீட்டிக்கொண்டிருப்பார். அதே உயரமும் அதே கூந்தல் நிறமும் உள்ள இவள் வெந்துகொண்டு நிற்பாள். அவர் வந்ததும் இவள் விலகிவிடுவாள். படம் பார்க்கிறவர்கள் யாருக்கும் இவளைத் தெரியாது.

அந்த வருடம், 1947இல், எங்களுக்கு வந்த படங்களிலெல்லாம் ஒரே பெண்தான். அழகி. அவளுக்கு ஒரு கணவன். ஓர் ஏமாளி வந்து மாட்டுவான், கணவன் சாவான். கடைசியில் அவளுக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும். தணிக்கைக்காரர்கள் அதில் கறார். அவளை ஆபத்தானவளாக்குவது கதாசிரியர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான்தான் ஆக்குகிறேன். ஜன்னல் தட்டியின் நிழலை முகத்தில் வரிவரியாக விழவைத்து, கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்றை விட்டால், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற பெண்கூடப் புருஷனைத் தீர்த்துக்கட்டப் போகிறவள்போலத் தெரிவாள்.

வசனத்தின் நடுவே நாயகி தலையைத் திருப்புவாள். எந்தச் சொல்லில் திருப்புகிறாளோ அந்தச் சொல்லில் கீற்று கண்ணில் விழ வேண்டும். அதனால் பதிலாக நிற்பவளும் வசனத்தைச் சொல்லியாக வேண்டும். வெர்னா சொன்னாள்:

"அவரு இல்லாத ஒரே ஒரு நாளை எனக்குக் கொண்டுவந்து குடு. அதுக்கப்புறம் நான் எங்கே போயிடப் போறேன்?"

முகவாயில் நிழல் விழுகிறது, இன்னொரு முறை என்றேன். சொன்னாள். விளக்கை ஓர் அங்குலம் நகர்த்தினேன். மறுபடி சொன்னாள். பதினோரு முறை. ஐந்தாவது முறையிலேயே நிழல் சரியாகிவிட்டது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. மனதில் இல்லாததைச் சொல்கிறவளுக்கு மூன்றாவது முறையிலேயே அலுத்துப்போகும். இவள் பதினோராவது முறையும் நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். தாளில் அச்சடித்த வரி அது என்று நீங்கள் சொல்வது எனக்கும் தெரியும். அதைவிடப் பாதுகாப்பாக ஒரு பெண் எப்படிக் கேட்பாள்?

மற்ற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், என்னை மட்டும் மிஸ்டர் டகெட் என்பாள். எவ்வளவு எச்சரிக்கை பாருங்கள்.

அவள் கணவர் எம்மெட் டிராம் ஓட்டுகிறவர். நல்ல மனிதர்; அதை வாக்குமூலத்தில் தனி வரியாகவே போடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். உருளைக்கிழங்கு சாலட்டை அவரே பிசைந்து என் தட்டில் இரண்டாம் முறையும் குவித்தார்.

"உன்னப் பத்தி இவ தெனமும் சொல்லுவாப்பா. அந்த எடத்துலயே இவளுக்கு ஒரு நாற்காலி போடணும்னு தோணுனது உனக்குத்தானாமே. மத்தவனுங்க இவள ஏதோ கோட் ஸ்டாண்டுன்னு நெனச்சுட்டானுங்க போல."

வெர்னா சிரித்தாள். அந்த நிமிடம் அவரை மிகவும் பிடித்துப்போனது; இப்போதும் பிடிக்கும்.

சாப்பிட்ட பிறகு கார் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். அங்கே ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார், வெர்னாவைக் கேட்டலினா தீவுக்குக் கூட்டிப்போக. உள்ளே வெளிச்சம் போதவில்லை, ஒரு விளக்குப் போட்டுத் தர முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். அடுத்த ஞாயிறே போட்டுக் கொடுத்தேன். அழகான விளக்கு. தரையில் எப்போதும் ஈரம் இருந்தது. ஒரு வயரை மட்டும் வைக்க வேண்டிய விதத்தில் வைக்கவில்லை. அவர் எனக்கு ஒரு பீர் கொடுத்தார், இருவரும் படகில் உட்கார்ந்து குடித்தோம்.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, எங்களுக்கு வேலை. நண்பகலில் தளத்துக்குத் தொலைபேசி வந்தது. உதவி இயக்குநர் வெளுத்த முகத்தோடு என்னிடம் ஓடிவந்து, வெர்னாவை உடனே அனுப்ப வேண்டும், வீட்டில் விபத்து என்றார். வெர்னா குறியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் அன்றைக்கு அமைந்ததுபோல அதற்கு முன் அமைந்ததே இல்லை. இரண்டு நிமிடம் பொறுங்கள், இப்போது கலைத்தால் மறுபடி வராது என்றேன். பொறுத்தார். அதனால் அவளுக்கு விஷயம் தெரிய இரண்டு நிமிடம் தாமதமானது. அதைக் கொடூரம் என்று உங்கள் சுருக்கெழுத்துக்காரர் நினைப்பது அவர் பென்சிலிலேயே தெரிகிறது. அவள் வாழ்க்கையில் அமைதியாகக் கழித்த கடைசி இரண்டு நிமிடம் அது, கொடுத்தவன் நான்.

என்னை நீங்கள் பிடித்ததற்குக் காரணம் என் நல்ல பழக்கம். படப்பிடிப்பில் நாங்கள் வயர் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி முடிக்கும்போது நுனியைச் சிறிதாக மடித்துவிடுவோம். கையுறை போட்டவன் பிறகு உரித்தெடுக்க வசதி. வீடுகளுக்கு வேலை செய்கிறவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. எம்மெட்டின் விளக்கிலும் மடித்திருந்தேன். அடுத்தவனுக்குச் சிரமம் வைக்க எனக்கு மனம் வராது.

ஆக, செய்தது நான். மரண தண்டனை, விஷவாயு அறை என்றால் நடந்தே போகிறேன், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். ஆனால் 'அவள் கேட்டாள், நான் செய்தேன்' என்ற வரியை எடுக்க மாட்டேன். அந்த வரி இருந்தால் அரசு வழக்கறிஞர் அவளையும் கூண்டில் ஏற்றுவார் என்கிறீர்கள். ஏற்றட்டும். அவள் பெயரில்லாமல் இந்தக் காரியத்தைப் பார்த்தால், சாலட் போட்ட மனிதனைக் காரணமே இல்லாமல் கொன்ற விளக்குக்காரன் ஒருவன்தான் மிஞ்சுவான். நான் அவன் இல்லை.

அந்த வரியை எடுக்கவைக்கத்தானே நேற்று அவளை இந்த அறைக்குக் கூட்டிவந்தீர்கள். கறுப்பு உடையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு நிழலும் இல்லை. யாரோ போல இருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. உங்கள் முன்னால்தான் கேட்டேன்.

"வெர்னா, இவங்களுக்குப் பயப்படாதே. அந்தப் பதினோரு தடவையும் என்னப் பாத்துத்தானே சொன்னே?"

அவள் பதிலையும் அப்படியே சேர்க்கச் சொன்னீர்கள். சேர்க்கிறேன்.

"உங்க விளக்கு நேரா என் கண்ணுல அடிச்சிட்டிருந்துது, மிஸ்டர் டகெட். அதுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."