எண் பொருந்திய துப்பாக்கி

இந்தக் காப்பி பரவாயில்லை, சார்ஜென்ட். காவல் நிலையத்துக் காப்பியை வாயில் வைக்க முடியாது என்று வெண்டல் எப்போதும் சொல்வான். வெண்டல் ஸ்டார்ச்சர் இந்த ஊரில் முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். எந்த வாசலில் எப்படிக் காப்பி கிடைக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டான்.

என் பெயர் ராய்ஸ் டாக்கெட். வயது அறுபத்தாறு. கண்ணாடித் தொழிற்சாலையில் லேத் ஓட்டினேன், அதை மூடியதும் வீட்டோடு இருந்துவிட்டேன். வக்கீல் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொன்னால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கே புரியும். அதற்கு விலையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் வாங்கிய முதல் துப்பாக்கி எழுபத்தொன்பது டாலர். ரஷ்ய ராணுவம் வேண்டாமென்று தள்ளியது. கடைத்தெரு இரும்புக்கடையில் மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு பீப்பாய்க்குள் விளக்குமாறுபோலச் செருகி வைத்திருப்பார்கள். வெண்டல் ஒன்று எடுத்தான், நான் ஒன்று எடுத்தேன். முழுக்கப் பழுப்பு நிறக் கிரீஸ். கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், சாயங்காலத்துக்குள் உருகி வழிந்துவிடும். துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். தொழிற்சாலை முத்திரை, வருடம், எண், எவனோ ஒரு சிப்பாய் கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்து. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. காலமாகிவிட்ட என் மனைவிக்கும் அது தெரியும்.

பழைய கார் சேர்க்க எங்களுக்கு வசதி இல்லை. படகுக்கும் இல்லை. எங்களைப்போன்ற ஆட்களுக்கென்று உலகத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

பழைய கல்குவாரியில் எங்கள் கிளப் இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் துப்பாக்கி வாங்கினாலும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அதை எல்லோர் முன்னாலும் ஐந்து தோட்டா சுட வேண்டும். ‘முதல் ஐந்து’ என்போம். முடிந்ததும் வெண்டலின் மனைவி மார்லா சுட்டுக் கொண்டுவரும், உள்ளே இறைச்சித் துண்டு வைத்த பெப்பரோனி ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். சுடாத துப்பாக்கி இன்னும் கடைக்காரனுடையது என்பது எங்கள் கணக்கு.

‘முதல் ஐந்து’ சுடுவதற்கு முன்னால் துப்பாக்கி என் மேஜைக்கு வரும். நான் இரண்டு காரியம் செய்வேன். முதலில் எண் பார்ப்பேன். ராணுவத் துப்பாக்கியில் ஒவ்வொரு பாகத்திலும் ஒரே எண் அடித்திருக்கும். முக்கியமாகப் போல்ட்டில், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் கதவுபோல நின்று, வெடிப்பைத் தாங்கும் இரும்பில். எல்லா எண்ணும் பொருந்தினால் மதிப்பு மூன்று மடங்கு. போருக்குப் பிறகு துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் போல்ட்களை ஒரு குவியலாகவும் போட்டுவிட்டார்கள், அதனால் பொருந்தியது கிடைப்பது அபூர்வம். இரண்டாவது காரியம் கேஜ். அது சுண்டுவிரல் நீள எஃகுத் துண்டு. தோட்டா இருக்கும் இடத்தில் அதை வைத்துப் போல்ட்டை மூடிப் பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் நல்ல துப்பாக்கி. முழுக்க மூடிக்கொண்டால் உள்ளே இடைவெளி அதிகம், அதைச் சுடக்கூடாது.

இருபத்திரண்டு வருடமாக நான்தான் அந்த மேஜையில் உட்கார்கிறேன். நான் ‘சரி’ என்றால் சரி. யாரும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

பிறகு விலை ஏறியது. எழுபத்தொன்பது நூற்றைம்பதாகி, நானூறாகி, போன வருடம் எழுநூறு. அதுவும் ரஷ்யச் சரக்கு, எங்கள் ஊர் இரும்புக்கடைப் பீப்பாய்ச் சரக்கு. ஜெர்மன் என்றால் ஆயிரக்கணக்கில். கம்ப்யூட்டரில் எவனோ இதை முதலீடு என்று பேசினானாம். வெண்டல் வாங்குவதை நிறுத்தினான். ஆறு வருடமாக அவனுக்கு ‘முதல் ஐந்து’ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வருவான், ரொட்டித் தட்டைச் சுமப்பான், மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவனுக்காக எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அப்போதுதான் டாக்டர் நோலன் பிரூயிட் வந்தார். பல் டாக்டர், நாற்பது வயதுகூட இருக்காது. போன வசந்தத்தில் கவுண்டி மண்டபத்துத் துப்பாக்கிச் சந்தையில் ஒரு ஃபின்லாந்துத் துப்பாக்கியை நானும் வெண்டலும் பார்த்தோம். நான் பதினொரு வருடம் தேடியது. இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்குவதாகப் பேசி, பணம் எடுத்துவர வங்கிக்குப் போய்த் திரும்பினோம். மேஜை காலி. டாக்டர் கேட்ட விலைக்கு மேல் இருநூறு கொடுத்துத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“அட, நீங்க பாத்து வெச்சதா? தெரியாமப் போச்சே. எப்ப வேணா வீட்டுக்கு வந்து பாருங்க, கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன்” என்றார்.

வெண்டல் சிரித்தான். “பெட்டியில வெச்சு தினமும் முத்தம் குடுக்கவா வாங்குறீங்க, பல்லு டாக்டரே? கிளப்புக்கு எடுத்துட்டு வாங்க. அஞ்சு சுடுங்க. அப்பதான் அது உங்களுது.”

“சுட்டா விலை கொறையாதா?”

“கொறையாது. உங்க பல்லுதான் ஆடும்.”

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் வெண்டல் என்னைச் சமாதானப்படுத்தினான். “விடுடா ராய்ஸு. அந்தாளு நல்ல மாதிரிதான். காசு இருக்கு, வாங்குறான். நமக்கு இருந்தா நாம வாங்க மாட்டமா?” வெண்டலுக்கு யார்மீதும் கோபம் வராது. அது ஒரு குறைதான்.

என் பட்டறைச் சுவரில் ஒரு ஜெர்மன் துப்பாக்கி தொங்கியது. போல்ட் இல்லாமல் வாங்கியது. என் டப்பாவில் கிடந்த ஏதோ ஒரு போல்ட்டைப் போட்டுப் பார்த்திருந்தேன். கேஜை வைத்தபோது முழுக்க மூடிக்கொண்டது. போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கியில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறலும் இருந்தது. சுடுவதற்கு ஆகாது என்று சுவரில் மாட்டிவிட்டேன். சந்தை முடிந்து ஒரு வாரம் கழித்து அதை இறக்கினேன். போல்ட்டிலிருந்த பழைய எண்ணை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் எண்ணை அடித்தேன். இரண்டு நாள் வேலை. லேத் பட்டறையில் நாற்பது வருடம் இருந்த கை, சார்ஜென்ட். என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டர் மூவாயிரத்து எண்ணூறு கொடுத்தார். “நீங்க பாத்ததுன்னா நான் திருப்பிக்கூடப் பாக்க வேண்டாம்” என்றார். காசுக்காக இதைச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அந்தப் பணம் அப்படியே உறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் துப்பாக்கி பார்க்கும் கண் இல்லை என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அது எப்படியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற துப்பாக்கி. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

புதன்கிழமை டாக்டர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கிளப்புக்குக் கொண்டுவருகிறேன், ‘முதல் ஐந்து’ சுடப் போகிறேன் என்றார். வெண்டல் சந்தையில் சொன்னது அவர் மனதில் தைத்துவிட்டதாம். எங்களில் ஒருவராக இருக்க ஆசையாம். நான் நல்லது என்றேன்.

நாலு நாள் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். “டாக்டர், அதைச் சுட வேண்டாம்” என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார். எண் பொருந்திய துப்பாக்கி, நானே பார்த்து விற்றது, சுடக்கூடாது என்றால் எல்லோரும் போல்ட்டைக் கையில் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் சரி என்ற ஒவ்வொரு துப்பாக்கியையும் மறுபடி திருப்பிப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் நேர்மையாகப் பார்த்தது. ஒன்றுக்காக அத்தனையும் கெட்டுப்போவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் யோசித்தேன். டாக்டருக்கு ஒரு விரலோ ஒரு காதோ போனால், பழைய துப்பாக்கி ஆபத்து என்று நாலு பேர் பயப்படுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் விலகிப் போவார்கள். விலை இறங்கும். வெண்டல்போன்ற ஆட்கள் மறுபடி வாங்க முடியும். இதை நான் அமைதியாக, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். இதில் எனக்கென்று ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினான்கு பேர் இருந்தோம். டாக்டர் துப்பாக்கியை என் மேஜையில் வைத்தார். எண் படித்தேன், பொருந்தியது. கேஜை உள்ளே வைத்தேன். போல்ட்டின்மேல் என் உள்ளங்கை இருந்தது, அது எங்கே போய் நின்றது என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல முழுக்க மூடியது. கேஜை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “சரியா இருக்கு, சுடலாம்” என்றேன்.

டாக்டர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுடும் மேடைக்குப் போனார். அங்கே நின்று திரும்பினார்.

“வெண்டல், நீங்கதானே என்னை இழுத்து வந்தீங்க. இந்த அஞ்சையும் நீங்க சுடுங்க” என்றார்.

வெண்டல் ரொட்டித் தட்டோடு நின்றான். “என்ன வெளையாடுறீங்களா? மூவாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கிட்டு...”

“நிஜமாத்தான். ஆறு வருஷமாச்சாமே, மார்லா சொன்னாங்க.”

தட்டை மார்லாவிடம் கொடுத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். கண்ணாடியைப் போட்டான், காதை மூடினான், தோட்டாக்களை வரிசையாக வைத்தான். அதற்கெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்தேன்.

“என்னடா, ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று அங்கிருந்து கத்தினான். எப்போதும் அப்படித்தான் கேட்பான், அது அவன் வழக்கமான கிண்டல்.

“எண் எல்லாம் பொருந்தியிருக்கு” என்றேன். அது பொய் இல்லை.

முதல் தோட்டா போனது. ஒன்றும் ஆகவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. கேஜ் தப்பாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. இரண்டாவது போனது. மறுபடி திரும்பினான். “டேய் ராய்ஸு, பாத்தியா? கறுப்பு வட்டத்துக்குள்ள” என்றான். போல்ட்டை இழுக்க அவன் கொஞ்சம் மல்லுக்கட்டியது எனக்கு மட்டும் தெரிந்தது. வெளியே விழுந்த பித்தளைக் குப்பியின் அடிப்பக்கத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. குப்பி அந்த இடத்தில் பிளக்கப் போகிறது என்று அதற்கு அர்த்தம், எனக்குத் தெரியும். மூன்றாவது போனது. திரும்பினான், கட்டைவிரலைக் காட்டினான். பின்னால் மார்லா கைதட்டினாள்.

நாலாவது அவன் சுட்டதுதான், ஆனால் அது முன்னால் போகவில்லை, போல்ட்டோடு பின்னால் வந்தது. மிச்சத்தை உங்கள் டாக்டர்கள் எழுதியிருப்பார்கள். வலது கண் என்று எழுதியிருப்பார்கள். உயிர் உடனே போய்விட்டது, அவனுக்கு வலி தெரிந்திருக்காது என்று சொன்னார்கள், அது எனக்குப் பெரிய ஆறுதல். ஐந்தாவது தோட்டா உங்கள் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.

விலை இறங்கவில்லை. நேற்று விசாரித்தேன், இன்னும் ஐம்பது ஏறியிருக்கிறது.

மார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ பாத்ததுதானே, நீ பாத்ததுதானே” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை.

நீங்கள் கேட்பது புரிகிறது, சார்ஜென்ட். துப்பாக்கி டாக்டர் கையிலிருந்து வெண்டல் கைக்குப் போனபோதே ஏன் வாய் திறக்கவில்லை, மூன்று தடவை அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தானே, அப்போதாவது நிறுத்து என்று ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும், நேரமும் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு வருடம் கழித்து அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.