இரண்டு கடற்கரைக்கு ஒரு பலகை

காலை ஏழு மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனிதன் நிம்மதியாக ஒரு தோசை தின்ன முடியாது. இன்ஸ்பெக்டர் சார், நீங்களும் இந்த வட்டாரத்தில்தான் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, நடுவில் என் பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியின் வானொலி. அந்த வானொலி சுவரைத் தாண்டி வந்து என் சட்னியில் அலை எழுப்பும். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். கால் அங்குலம்.

அதனால்தான் 1981இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும், அமைதியாகக் குளிக்க ஒரு கடற்கரை தேடினேன். முட்டிவலிக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று டாக்டரும் சொன்னார். என் மனைவி தனலெட்சுமிக்கு நீச்சல் தெரியாது. ஆகவே ஆழம் கூடாது, இழுப்பு கூடாது, கூட்டம் கூடாது. இந்த மூன்றும் பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

போர்ட் டிக்சனுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே தண்ணீரைவிட மனிதர்கள் அதிகம். ஒரு அலை கரைக்கு வர வேண்டுமென்றால் நான்கு பேரிடம் வழி கேட்க வேண்டும். மோரிப்புக்குப் போனோம். கடல் வற்றியிருந்தது. சேற்றில் நடந்து நடந்து, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இந்தோனேசியாக்காரன் பாஸ்போர்ட் கேட்டிருப்பான். கடைசியில்தான் அந்தத் தீவு கிடைத்தது. தீவின் பெயர் உங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நான் இதில் எழுதப் போவதில்லை. வாக்குமூலம் பல பேர் கைக்குப் போகும். படித்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள்.

பாதுகாப்பான கடற்கரையைக் கண்டுபிடிக்க நானே ஒரு முறை வைத்திருந்தேன். விழுந்து கிடக்கும் தேங்காயில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டுக் கடலில் வீசுவேன். பிறகு முந்நூறு வரை எண்ணுவேன். தேங்காய் கரைக்குத் திரும்பினால் குளிக்கலாம். திரும்பாவிட்டால் கூடாது. அந்தத் தீவில் ஒரு சின்னக் குடா. குளம் மாதிரி கிடந்தது. நாற்பத்தொரு தேங்காய் வீசினேன், நாற்பத்திரண்டு திரும்பி வந்தன. குடாவை அடுத்து ஒரு பெரிய பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் நீண்ட வெள்ளை மணல். பார்த்தால் காலண்டர் படம். அங்கே பதினான்கு வீசினேன். ஒன்றும் வரவில்லை. சுமத்ராவில் யாரோ குழம்பு வைத்திருப்பார்கள்.

அந்த நீண்ட மணலில் அரசாங்கமே ஒரு பலகை நட்டிருந்தது. 'அபாயம், குளிக்கத் தடை' என்று நான்கு மொழியில். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் எச்சரிக்கைப் பலகை நட்டவன் நான். நல்ல பலகை என்று பார்த்ததும் சொல்வேன். தனலெட்சுமியை மட்டும் அந்தப் பக்கம் கூட்டிப் போகவில்லை. நல்ல இடம் கிடைத்த பிறகு கெட்ட இடத்தைக் காட்டிப் பயமுறுத்துவானேன்.

மூன்று வருஷம் அந்தக் குடாவில் நானும் அவளும் மட்டும். கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருப்பேன். நண்டு நடக்கும் சத்தம் கேட்கும். அது வலதுகாலை முதலில் வைக்கிறதா இடதுகாலையா என்றுகூடச் சொல்லிவிடலாம்.

தவறு நான்தான் செய்தேன். முடிவெட்டும் கடையில் கொஞ்சம் பெருமையாகப் பேசிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு பக்கிரிசாமி.

"என்னலா அண்ணே, இவ்ளோ நல்ல பீச்ச மூணு வருஷமா பதுக்கி வச்சிருக்கீங்க. நாங்கல்லாம் மனுசன் இல்லயா?"

"சின்ன எடம்லா, பக்கிரி. ரெண்டு பேர் உக்காந்தா நெறஞ்சிரும்."

"பரவால்லண்ணே, நெருக்கி உக்காந்துக்குவோம்."

அடுத்த பள்ளி விடுமுறையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இரண்டு பஸ்ஸில் கிளம்பி, படகேறி, எங்கள் தெருவே வந்து இறங்கியது. ஆட்டுக்கறி சமைக்க அண்டா, இரண்டு மூட்டை அரிசி, ஒரு தையல் மெஷின். தையல் மெஷின் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வானொலியும் வந்தது, புது பேட்டரியோடு. தனலெட்சுமிக்கு ஒரே குதூகலம். பக்கிரிசாமியின் மனைவி தங்கமணியோடு உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாள். என் நண்டுகள் வேறு தீவுக்குக் குடி போய்விட்டன.

முதலில் நாகரிகமான வழிகளைத்தான் பார்த்தேன். குடாவில் முதலை இருக்கிறது என்று தெருவில் சொல்லிவைத்தேன். அடுத்த தடவை மூன்று பஸ் கூட்டம் வந்தது. முதலையைப் பார்க்க வேண்டுமாம். ஒருவர் அதற்குக் கோழிகூடக் கொண்டு வந்திருந்தார்.

அப்போதுதான் பலகை நினைவுக்கு வந்தது. நானே ஒன்று எழுதியிருக்கலாம், என் கையெழுத்து அவ்வளவு சுத்தம். ஆனால் போலி அரசாங்கப் பலகை எழுதுவது குற்றம். பென்ஷன் வாங்குகிறவன் அந்த வேலையெல்லாம் செய்யக் கூடாது. ஆகவே அசல் பலகையையே எடுத்து நடுவது என்று முடிவு செய்தேன். பலகையில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜூலையில் ஒரு நாள், வெட்டவெளிச்சத்தில், காக்கிக் கால்சட்டையும் விசிலுமாகத் தனியாகப் போனேன். காக்கிக் கால்சட்டைக்காரனை இந்த நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. மணலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தாங்களாகவே வந்து தூணைத் தூக்க உதவினார்கள். பாறையைச் சுற்றி மூவருமாகத் தூக்கி வந்து குடாவில் நட்டோம். நான் விசில் ஊதினேன், அவர்கள் கை தட்டினார்கள். பலகையோடு சேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டோம். பிறகு பத்திரிகையில் செய்தி பார்த்து அந்தப் போட்டோவை அவர்களே உங்களுக்கு அனுப்பினார்கள் என்றீர்கள். பொறுப்பான மனிதர்கள். படத்தில் நான் கொஞ்சம் இளைத்துத் தெரிகிறேன்.

ஆகஸ்ட்டில் தனலெட்சுமியோடு மறுபடி போனேன். பலகையைப் பார்த்துத் தயங்கினாள். "அது கூட்டத்துக்குப் போட்டது, நமக்கில்ல" என்றேன். கரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் கழுத்துவரை தண்ணீரில் இருந்தேன். பத்து மணிக்குப் பக்கிரிசாமி அண்டாவோடு வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் தெரு.

"அண்ணே, அபாயம்னு போட்டிருக்கான். நீங்க பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு பழகிருச்சி பக்கிரி."

"இவ்ளோ தூரம் வந்துட்டு பிள்ளைங்க குளிக்காம போறதா? அந்தப் பாறைக்கு அந்தாண்ட எப்படிண்ணே?"

"அங்க போர்டு ஒண்ணும் இல்லயே" என்றேன்.

சார், அதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? நீங்களே போய்ப் பார்த்தீர்கள். போர்டு இருந்ததா? இல்லை.

"நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் அண்டாவைத் தோளில் தூக்கினான். பின்னால் வந்த தெருவும் வானொலியோடு பாறையைச் சுற்றிப் போனது. பாட்டு தேய்ந்து தேய்ந்து நின்றது. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக நான் மறுபடி முப்பத்திரண்டு வருஷம் பலகை நடுவேன்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. தண்ணீரில் இறங்கியவர்கள் பத்தொன்பது பேர். பதினேழு பேரை மீன்பிடிப் படகுகள் தூக்கிவிட்டன. அந்த மீனவர்களுக்கு மெடல் கொடுக்க வேண்டும், நான் மனுவே எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகு மூன்று நாள் ஹெலிகாப்டர், மோட்டார் படகு, பத்திரிகைக்காரர்கள். என் வாழ்நாளில் அவ்வளவு இரைச்சலை நான் கேட்டதில்லை.

திரும்பாத இரண்டு பேரில் ஒருவன் பக்கிரிசாமி. பிள்ளைகளைக் கரைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போனானாம். தங்கமணி இப்போது வானொலியைத் திறப்பதில்லை. சட்னி ஆடாமல் கிடக்கிறது. மனதார வருந்துகிறேன்.

இன்னொரு பெயருக்கு எதிரே 'சந்தேக நபரின் மனைவி' என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், அது தனலெட்சுமி. முழங்கால் தண்ணீரில் பெண்கள் கைகோர்த்து நின்றார்களாம். அவள் ஓரத்தில் நின்றிருக்கிறாள்.

அவர்கள் போய்க் கால்மணி நேரம் கழித்து அவளும் எழுந்தாள். "பேசாம பேசாம எனக்கு வாயே ஒட்டிக்கிச்சிங்க. தங்கமணி டீ போட்டிருப்பா, ஒரு வாய் குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தாள். அவளுக்கும் முட்டிவலி உண்டு. பாறையைத் திரும்புவதற்கு அறுபது அடியாவது இருக்கும். பாதி வழியில் நின்று, திரும்பி, என்னைப் பார்த்துக் கையும் அசைத்தாள்.

பலகையை இடம் மாற்றியதை ஒப்புக்கொள்கிறேன். மற்றது எதையும் நான் செய்யவில்லை. அவளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சார், கடல் அப்போதுதான் அடங்கியிருந்தது, நண்டுகூட ஒன்று வெளியே வந்திருந்தது. அந்த மாதிரி இடத்தில் சத்தம் போட எனக்கு மனம் வரவில்லை.