காட் என்ரை, கார் அவளின்ரை

...அதைத்தான் பிள்ளை நானும் கேக்கிறன், ரெண்டே ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு வாளி மயோனைஸ் என்னத்துக்கு? வாளி! பகிடிக்குச் சொல்லேல்லை, இஞ்சை பாரும், கைப்பிடியோடை. உள்ளுக்கை இருக்கிறது முடிஞ்சாப் பிறகு நிலம் துடைக்க வைச்சிருக்கலாம். அதுக்காகத்தான் வாங்கினனானோ எண்டு கேட்டா... சீ, இல்லை. அது வேறை கதை, சொல்றன்.

இப்பிடி நிழலுக்கை வாரும். பஸ் இப்ப வராது. உந்தப் பலகையிலை என்னவும் காட்டும், அதை நம்பாதையும். பலெர்மோவிலை உந்தப் பிரான்காச்சோப் பக்கம் வாற பஸ்ஸுக்கு மனம் வந்தாத்தான் வரும். ஒரு உதவி செய்யும், உந்தக் கடலைப் பையை உம்மடை காலோடை அணைச்சுப் பிடியும், சாய்ஞ்சு ரோட்டிலை கொட்டுப்பட்டாப் போச்சு. ஓம், கடலைதான். அவ்வளவும் கடலைதான். ஒண்டும் சொல்லாதையும்.

நீர் உள்ளுக்கை அந்த மேசையடியிலை நிண்டு விசாரிக்கேக்கையே கண்டனான். எங்கடை முகம் எண்டு பார்த்த உடனை தெரிஞ்சுது. பேர் என்ன சொன்னனீர்? அபிதா. வடிவான பேர். என்ரை பேர் அகஸ்ரீனா. கால்சாவிலை இருக்கிறம், கடலுக்குக் கிட்ட, மூண்டாம் மாடி, லிஃப்ற் இல்லை. நான் ஒரு இத்தாலிக்காறச் சிஞ்ஞோரா வீட்டிலை வேலை. உம்மடை மனிசன் மொண்டெல்லோவிலை ரெஸ்ரோறன்ரிலையோ? நல்லது. கோடைக்கு மட்டுமோ, வரியம் முழுக்கவோ? சரி, அதைப் பேந்து கதைப்பம்.

நீர் கேட்டதுக்கு வாறன். உந்த மொத்தக்கடைக்காறன்ரை காட் எடுத்தா ரெண்டு பேர் வீட்டுக்குப் பிரயோசனமோ எண்டுதானே? ஒரே சொல்லிலை சொல்லட்டே? இல்லை. முடிஞ்சுது. ...ஆனா பாரும், அப்பிடி ஒரே சொல்லிலையும் சொல்லேலாது.

உள்ளுக்கை தெசெரா தெசெரா எண்டு சொன்னான் எல்லே, அந்த அட்டைதான். அது இல்லாட்டி வாசலிலையே மறிச்சுப் போடுவான். வரியத்துக்கு ஒருக்கா காசு கட்டவேணும், நீர் வந்தாலும் கட்டவேணும், வராட்டிலும் கட்டவேணும். அதுதான் அவன்ரை கெட்டித்தனம். காசைக் கட்டிப்போட்டு வீட்டிலை இருக்க ஆருக்கு மனம் விடும்? வரத்தான் சொல்லும். வந்தா சின்னதா ஒண்டும் இல்லை. ஒரு சம்பு எண்டா ஒரு குடும்பமே வரியம் முழுக்கத் தோயலாம்.

நாங்கள் காட் எடுக்கேக்கை மகள் ஜெனனி வீட்டிலை. அவள், அவளின்ரை சிநேகிதப் பிள்ளையள், வாறதும் போறதும்... என்ன சமைச்சாலும் சட்டி வழிச்சுத்தான் கிடக்கும். பேந்து அவளுக்கு மிலானோவிலை வேலை கிடைச்சு வெளிக்கிட்டிட்டாள். அவள் போயிட்டாள், காட் இருந்திட்டுது. நானும் மாறாமல் அதே மாதிரி வாங்கிக்கொண்டிருந்தன். கைப் பழக்கம் பிள்ளை. எங்கடை மனிசன், இராஜநாயகம், அவருக்குச் சீனி வருத்தம். சோறும் அளவு, இனிப்பும் இல்லை. வாங்கினதுக்காகத் தயிரைக் காலமை மத்தியானம் எண்டு குடுத்துக் குடுத்து, கடைசியிலை அந்த மனிசன் கரண்டிச் சத்தம் கேட்டாலே கதிரையாலை எழும்பிப் போற நிலைக்கு வந்திட்டார். ரொயிலற் பேப்பர் கட்டிலுக்குக் கீழை, சவர்க்காரம் சுவாமிப்படத்துக்குப் பின்னாலை. மாதாவே வாசமாத்தான் இருந்தா.

அப்பத்தான் கிளறா வந்தாள்.

கிளறா எங்களுக்குக் கீழ் வீடு. மன்னார்ப் பிள்ளை. கோயில் பாட்டுக்குழுவிலை பாடுறவள், நல்ல குரல். மனிசன் செத்துக் கனகாலம், தனியத்தான் இருக்கிறாள். ஒரு பழைய சின்னக் கார் வைச்சிருக்கிறாள், ஒரு பக்கக் கதவு திறக்காது. அவள்தான் ஒருநாள் படியிலை என்னைக் கண்டு, நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு எண்ணெய்த் தகரத்தோடை ஏறுறன், "அக்கா, ஒரு காட்டுக்கு ரெண்டு பேர் உள்ளுக்கை போகலாமாம். காட் உங்கடை, கார் என்ரை, சாமான் பாதி பாதி" எண்டாள்.

அதுக்குப் பிறகு பிள்ளை, அது ஒரு காலம்! ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளிக்கிடுவம். திறக்காத கதவுப் பக்கந்தான் என்ரை சீற், அவளின்ரை பக்கத்தாலை ஏறி, கியர்த் தடியைத் தாண்டி, சீலையும் நானும்... ரோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் நிண்டு பார்த்துச் சிரிப்பான். போற வழியிலை ஒரு பாரிலை நிப்பாட்டி ஆளுக்கொரு அறஞ்சினா, அந்தப் பொரிச்ச சோத்து உருண்டை, சாப்பிட்டிருப்பீரே. வீட்டை வந்து என்ரை குசினி மேசையிலை பரப்பிப் பங்கு பிரிப்பம். அவள் பிரிக்கிறதைப் பார்க்கவேணும், பூசையிலை சுவாமியார் அப்பம் பிட்கிற மாதிரி ஒரு கவனம். ஒண்டு மிஞ்சினா, "அக்கா நீங்கள் எடுங்கோ." எப்பவும் நீங்கள் எடுங்கோ. எனக்கு அதிலை ஒரு எரிச்சல், சொன்னா நம்பமாட்டீர்.

ஆனா கடையிலை விடமாட்டாள். நான் எதையும் தூக்கினா, "அக்கா, வேண்டாம்." அவ்வளவுதான் சொல்லுவாள். நானும் திருப்பி வைச்சிடுவன். அப்ப எங்களுக்கு அந்தக் காட் வாய்ச்சிருந்தது, அதுதான் உண்மை. ஒண்டும் பழுதாகேல்லை. எண்ணெய், சவர்க்காரம், பேப்பர், கோழி, எல்லாம் அளவா வந்து அளவா முடிஞ்சுது. இவரும் தயிரைத் திரும்பித் தொட்டவர்.

என்ன, இப்ப ஏன் தனிய வந்தனியள் எண்டோ? அதைக் கேளும். இறால்!

ஒரு பெட்டி இறால் வாங்கினம். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. அவளின்ரை பிறிட்ஜ் சின்னன், ஐஸ் தட்டு ஒரு தீப்பெட்டி அளவு. அதாலை அவளின்ரை பங்கும் என்ரை பிறீசருக்கைதான். சரியோ? திடீரெண்டு ஜெனனி வந்து நிக்கிறாள். தனிய இல்லை. ஒரு பெடியனோடை. பெர்காமோப் பக்கத்து இத்தாலிக்காறப் பெடியன், நல்ல உயரம், வாசல்நிலை தலையிலை இடிக்குது. "அம்மா, இவர் சும்மா சிநேகிதன்" எண்டாள். சும்மா சிநேகிதனை மிலானோவிலையிருந்து ஆர் கூட்டிக்கொண்டு வருவினம்? எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. இறாலை உறைப்பாப் பிரட்டி வைச்சன். அவனுக்கு வேர்க்குது, மூக்கு வடியுது, கண் சிவந்து போச்சு, சாப்பாட்டை விடுறான் இல்லை! கோப்பையை நீட்டி "அங்கோரா" எண்டான். இன்னும் வேணுமாம். பிள்ளை, மகள் கூட்டிக்கொண்டு வந்த பெடியன் இன்னும் எண்டு கேட்டா, நீர் இல்லையெண்டு சொல்லுவீரோ? அடுத்தநாள் மற்றப் பையையும் எடுத்துச் சமைச்சிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை கிளறா வந்தாள். பாட்டுக்குழுக்காறருக்கு அண்டைக்கு அவளின்ரை முறைச் சாப்பாடு. பிறீசரைத் திறக்கிறாள்... ஒண்டுமில்லை. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "இறாலிலை பேரே எழுதிக் கிடக்கு?" எண்டன்.

...ஓம், எழுதித்தான் கிடந்தது. பிளாஸ்ரர் ஒட்டிக் கிளறா எண்டு எழுதித்தான் வைச்சவள். ஆனா பிள்ளை, மேலாலை ஐஸ் மூடிக் கிடந்தது! அதை ஆர் சுரண்டிச் சுரண்டி வாசிக்கிறது?

அவள் என்னைப் பேசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். நாலு பேச்சுப் பேசலாம்தானே? "பரவாயில்லை அக்கா" எண்டாள். கதவை மெல்லமாச் சாத்திக்கொண்டு போயிட்டாள். சாத்துறதை அடிச்சுச் சாத்தினாலும் பரவாயில்லை. அவையளுக்கு உருளைக்கிழங்குக் கறி வைச்சுக் குடுத்தவளாம். நல்லாயிருந்ததாம் எண்டு எல்லாரும் வந்து எனக்குச் சொல்லீனம்.

அடுத்த கிழமை பூசை முடிஞ்சு வாசலிலை நிக்கிறம். "சனிக்கிழமை போவமோ அக்கா?" எண்டு வழமை மாதிரிக் கேக்கிறாள், ஒண்டுமே நடக்காத மாதிரி. எனக்கு எங்கையிருந்து வந்துதோ அந்தக் கோவம், அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, "கதவு திறக்காத உன்ரை காரிலை ஏறி நசியிறதிலும் பார்க்க நான் பஸ்ஸிலை போவன்" எண்டிட்டன். சிலபேர் சிரிச்சும் போட்டினம். அவள் முகம்... அதை விடும். "சரி அக்கா" எண்டாள்.

அதுக்குப் பிறகு கதை இல்லை. படியிலை கண்டா ஒதுங்கி வழி விடுறாள். சனிக்கிழமையிலை கீழை கார் ஸ்ராட் பண்ணுற சத்தம் கேக்கும். நான் யன்னலாலை பார்க்கமாட்டன். திரைச்சீலைக்குப் பின்னாலை நிண்டு கேப்பன், அவ்வளவுதான். ஜெனனி ஃபோனிலை, "அம்மா, போய் ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" எண்டு கேக்கிறாள். எந்தச் சொல்லை? அவள்தானே பரவாயில்லை எண்டு முடிச்சுப் போட்டாள், நான் இனி எங்கையிருந்து துடங்கிறது?

அதுதான் இண்டைக்குப் பஸ்ஸிலை வந்தனான். சொன்னனான் எல்லே, வந்து காட்டவேணும். உள்ளுக்கை போனன். உந்த வாளி கண்ணிலை பட்டுது. தூக்கி, "கிளறா, உதைப் பாரடி!" எண்டு திரும்பினா... ஒரு கிழவன் நிக்கிறான். "பெல்லா", வடிவெண்டு சொல்லிப்போட்டுப் போறான். வாளியைத்தான் சொன்னானோ, வேறை என்னத்தைச் சொன்னானோ, எனக்கு வெக்கத்திலை அதைத் திருப்பி வைக்க வரேல்லை, வண்டிலிலை போட்டிட்டன். பேந்து கடலை. பேந்து... வேண்டாம் எண்டு சொல்ல ஆள் இல்லைப் பிள்ளை. அந்தப் பெரிய கடை முழுக்கத் தேடினாலும் வேண்டாம் எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை.

உம்மட்டைக் கார் இருக்கோ? மனிசன்ரையோ? ஸ்கூட்டரோ... ம். ஸ்கூட்டரிலை மா மூட்டை கொண்டுபோகேலாது. இல்லாட்டி நானும் நீரும் பங்குக்குச் சேர்ந்திருக்கலாம். நான் ஒருத்தற்றை சாமானிலையும் கை வைக்கமாட்டன். நீர் பேரைக் கொஞ்சம் பெரிசா எழுதிவிட்டாச் சரி.

ஐயோ, உதென்ன தண்ணி? பெட்டி இளகுது! கொஞ்சம் நிழலுக்கை தள்ளிவிடும். ஓம், இறால்தான். இல்லை, இவர் தின்னமாட்டார், அவருக்கு இறால் ஒத்துவராது, உடம்பெல்லாம் கடிக்கும். நான் தனிய எவ்வளவு தின்னிறது? ...பின்னை ஆருக்கெண்டோ? நீர் என்ன பிள்ளை, பொலிஸ் மாதிரிக் கேள்வி கேக்கிறீர்!

பொறும், ஃபோன். "ஹலோ? ஓம், பஸ்தரிப்பிலைதான். இல்லை, இன்னும் வரேல்லை... என்ன? ஆரிட்டைச் சொன்னனீங்கள்? நான் உங்களைக் கேட்டனானே? மனிசருக்கு ஒரு மானம் மரியாதை... எப்ப வெளிக்கிட்டவள்?"

கேட்டீரே? என்ரை மனிசன் செய்த வேலையை! போய்க் கிளறாவின்ரை கதவைத் தட்டிச் சொல்லிப்போட்டாராம், நான் வெய்யிலுக்கை நிக்கிறன் எண்டு. உடனை திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினவளாம். சீப்பாலை தலை கூட இழுக்காமல்.

...உந்தச் சத்தம். உது அவளின்ரை கார்தான், உப்பிடி இருமிற கார் பலெர்மோவிலை வேறை இல்லை. நான் பார்க்கமாட்டன். நீர் பார்த்துச் சொல்லும். கோவமா வாறாளோ? உம்மெண்டு இருக்கிறாளோ? உள்ளதைச் சொல்லும்!

வா கிளறா. நான் கூப்பிடேல்லை. இவர்தான்... ஓம், தெரியும், வெய்யில்தான். எனக்கென்ன, நான் நல்லாத்தான் நிக்கிறன். பஸ் இப்ப வந்திடும். விடு, அதைத் தூக்காதை, உனக்கு நாரி நோ! நான் தூக்கிறன், நீ பின்கதவைத் திற. ...மயோனைஸ். ஓம், வாளிதான். எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போறாய் எண்டு. சொல்லு. சொல்லன். சொல்லாமல் நிண்டு என்ரை உயிரை எடுக்காமல் சொல்லன் ஒருக்கா, "அக்கா, வேண்டாம்" எண்டு!

...ஆ. காணும். இப்பத்தான் எனக்குச் சீவன் வந்துது.

இந்தப் பெட்டி உன்ரை. பாதி இல்லை, முழுக்க உன்ரை. கதையாதை, பிடி. அண்டைக்குக் கோயில் வாசலிலை சொன்னது... என்ரை வாய் கிளறா. வாய்தான். உன்ரை காருக்கு என்ன குறை? ...அழாதை. ரோட்டிலை நிண்டு அழாதை, சனம் பார்க்குது. நானே? நான் அழேல்லை, உது வேர்வை.

பிள்ளை அபிதா, நீரும் ஏறும், எங்கையாவது நெருக்கி இடம்... எங்கை பிள்ளை? இஞ்சைதானே நிண்டவள்! அந்தா, பஸ்ஸிலை ஏறீட்டாள், பாரன்! பஸ் வந்ததே எனக்குத் தெரியாது. கையைக் காட்டு, கையைக் காட்டு. போட்டு வாரும் பிள்ளை! மனிசனையும் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்! கால்சா! மூண்டாம் மாடி!

ஆரெண்டோ? தெரியாது, புதுசா வந்த பெட்டை. நல்ல பிள்ளைதான், ஆனா வாய் ஓயாது கிளறா. ஒரே கேள்வி, ஒரே கதை, என்னை ஒரு சொல்லுக் கதைக்க விடேல்லை. ...என்னடி சிரிக்கிறாய்? இதிலை சிரிக்க என்ன கிடக்கு? சிரிக்காதை எண்டிறன், ரோட்டைப் பார்த்து ஓட்டு!