தாழ்ப்பாளில் அவர் கை

— இல்லீங்க ஜம்புநாதன் சார், இதுல பாசமே இல்லீங்க. ஒரு சொட்டுக்கூட இல்ல. பதினாலாம் நம்பர் கவிதைய எழுதுனவன் அவங்கப்பாவ நிக்க வெச்சு அடிச்சிருக்கானுங்க!

— மெதுவா பேசு சபரி, ஔந்த் ஏரியா முழுக்கக் கேக்கும். நீ கோயம்புத்தூர்லேர்ந்து புனே வந்து ஆறு மாசம்கூட ஆகலை. ஏதோ கவிதைப் பைத்தியமா இருக்கியேன்னு தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் கவிதைப் போட்டிக்கு உன்னையும் ஜட்ஜா போடச் சொன்னது நான். வந்திருக்கறது நாப்பது கவிதை. நீ ஒரு மணி நேரமா ஒண்ணுலயே நிக்கறே.

— ஏன்னா மத்த முப்பத்தொம்போதும் பொங்கப் பானைங்க. இது ஒண்ணுதான் கவிதை. அட்டகாசமுங்க! இருங்க, மறுக்கா படிக்கறேன்.
"மழையில் நின்றேன், பதிமூன்று வயது.
என் எதிரே கதவு. கதவுக்குப் பின்னால் அப்பா.
தாழ்ப்பாளில் அவர் கை.
திறக்கவா, திறக்காமல் இருக்கவா?
இன்றுவரை நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மழை மட்டும் விட்டுவிட்டது."

— பாரு. அப்பா போய்ப் படுத்துக்கலை. கதவுக்குப் பின்னாடியே நிக்கறார். கை தாழ்ப்பாள்ல இருக்கு. பையன் நனையறது அவருக்குத் தாங்கலை. இதைவிட என்ன பாசம் வேணும் உனக்கு?

— தாங்கலைன்னா தொறக்க வேண்டியதுதானுங்களே? தாழ்ப்பாள் என்ன ஆகாசத்துலயா இருக்குது? ஒரு வெரல் போதும். அந்தாளு நின்னு ரசிச்சிருக்காருங்க.

— ரசிக்கலை!

— ஏனுங் சார், இப்புடிக் கத்தறீங்க?

— கத்தலை. கடைசி வரியைப் பாரு. மழை விட்டுடுத்துங்கறான். கோவம் போயிடுத்துன்னு அர்த்தம்.

— மழை "மட்டும்" விட்டுடுச்சுங்கறானுங்க. மழைகூட எறங்கி வந்துச்சு, எங்கப்பன் வல்லைன்னு அர்த்தம். "கேட்கவில்லை"ன்னு இருக்குது பாருங்க, அது மரியாதையில்லீங்க. பேச்சே இல்ல. அப்பன் செத்தாலும் இவன் கேக்கமாட்டான்.

— போதும். ரூல்படி நான் சொல்லக் கூடாது. பேரெல்லாம் கவர்ல ஒட்டி செக்ரட்டரி சங்கரன்கிட்ட இருக்கு. ஆனா உன்கிட்ட சொல்றேன். அது என் பையன் எழுதினது. மாதவ்.

— உங்க பையனா! அப்ப அந்தக் கதவுக்குப் பின்னால நின்னது நீங்களா? அட்டகாசமுங்க சார்! ஒரு கவிதைல வர்ற அப்பாவ நேர்ல பாக்கறது எனக்கு இதான் மொதத் தடவ. செத்த நேரா உக்காருங்க, நல்லாப் பாத்துக்கறேன்.

— விளையாடாதே. அவன் ரஞ்சன்காவ்ல ஒரு ஃபேக்டரில இருக்கான். இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம். நாலு வருஷமா இந்த வீட்டுப் படி ஏறலை. முதல் பரிசுன்னு அறிவிச்சா மேடைக்கு வந்துதானே ஆகணும்? நானும் மேடைல இருப்பேன். என் கையால அவனுக்குக் குடுப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேணும். நீ மார்க்கைப் போடு.

— போடறேனுங்க. ஆனா நடந்தது தெரியாம எப்புடிங்க போடறது? நெஜமாவே வெளில நிறுத்துனீங்களா?

— தொண்ணூறுல, பதினாலு வருஷம் முன்னாடி. அப்போ கேம்ப் பக்கம் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். எட்டாம் கிளாஸ். மராத்தில நாபாஸ். ஃபெயிலானதைக்கூட விட்டுடலாம், மார்க் கார்டுல என் கையெழுத்தை அவனே போட்டுட்டான். ஃபோர்ஜரி! டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ்ல முப்பது வருஷம் கையெழுத்து பாத்தவன் நான். வெளில நில்லுன்னேன். மழை பிடிச்சுண்டுடுத்து.

— எவ்வளவு நேரமுங்க?

— கொஞ்ச நேரம்.

— மூணு மணி நேரம். இந்தா சபரி, காபி எடுத்துக்கோ.

— வாங்க மாமி! மூணு மணி நேரமா? புனே மழைலயா?

— பாலா, நீ உள்ளே போ. இது ஜட்ஜுகள் விஷயம்.

— அடுப்புல ஒண்ணும் இல்லை. இங்கேயே உக்காரறேன். நீங்க பேசுங்கோ.

— சார், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமுங்க. எனக்கு என்னமோ இடிக்குது. பையன் வெளில நிக்கறான். கதவு சாத்தியிருக்குது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள்ல யாரு கை இருக்குதுன்னு அவனுக்கு எப்புடிங்க தெரியும்?

— கவிதைன்னா கற்பனை இருக்கும்டா.

— இல்லீங்க. பதிமூணு வயசுல நனைஞ்சு நின்னவன் குளுர எழுதுவான். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தத எழுதுவான். ஒண்ணுக்கு வந்தத எழுதுவான். இதுல குளுரே இல்லீங்க சார்! முழுக்க உள்பக்கம்தான் இருக்குது. இத எழுதுனவரு காஞ்ச சட்டையோட இருந்திருக்காரு.

— காபி ஆறறது.

— மாமி, மாதவுக்குத் தமிழ் எழுத வருமுங்களா?

— அவன் பேரைக்கூட எழுத வராது. போன வருஷம் எனக்கு ஒரு லெட்டர் போட்டான். தமிழை மராத்தி எழுத்துல எழுதியிருந்தான்.

— உனக்கு லெட்டர் போட்டானா? என்கிட்ட சொல்லவே இல்லையே. என்ன எழுதினான்?

— வீட்டுக்கு வரமாட்டேன், கேக்காதேன்னு எழுதினான். அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?

— பாத்தீங்களா! அப்ப இத எழுதுனது நீங்கதான சார்? அப்பாவே பையனா மாறி, தன்னத் தானே மன்னிச்சுக்கறாரு. அட்டகாசமுங்க! எனக்கு மயிர்க்கூச்செறியுது, பாருங்க கைய!

— சரி, நான்தான் எழுதினேன். அவன் பேர்ல அனுப்பினேன். என்ன இப்போ? அவனைக் கூப்பிட எனக்கு வேற எப்படித் தெரியும்? ஆனா பொய் எழுதலை. கை தாழ்ப்பாள்ல இருந்தது நிஜம்.

— யார் கை?

— என் கைதான் பாலா. வேற யார் கை?

— நீங்க டிவி முன்னாடி உக்காந்திருந்தேள். இங்கிலாந்து மேட்ச். தாழ்ப்பாள்ல கை வெச்சுண்டு நின்னது நான். திறக்கட்டுமான்னு ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் "இந்த ஓவர் முடியட்டும்"னேள்.

— அப்படியா சொன்னேன்?

— திரும்பிக்கூடப் பாக்கலை. பதினாலு வருஷமா அந்தக் கை என்னுது. உங்களுக்குப் பாசம் வேண்டியிருந்ததும் அதையும் எடுத்துண்டுட்டேள்.

— அய்யோ மாமி, அப்ப பாசம் உங்களுதா! கதவுக்குப் பின்னால நின்னது அம்மாவா! சார், நீங்க ரிமோட் புடிச்ச கைய எழுதியிருக்கணுமுங்க.

— அப்போ ரிமோட் ஏது. நீ அவசரப்படாதே சபரி. இந்தக் காகிதம் இவர் மேஜைல கிடந்தது. போன வாரம் ஃபேக்டரிக்கு போன் போட்டு அவனுக்குப் படிச்சுக் காமிச்சேன்.

— படிச்சியா? என்ன சொன்னான்? பாலா, என்ன சொன்னான்னு சொல்லு.

— சிரிச்சான். "அப்பா திறக்கமாட்டார்னு எனக்குத் தெரியும், அதனால அவர்மேல கோவமே வந்ததில்லை. அவரை நான் நினைச்சுக்கறதே இல்லை"ன்னான்.

— அவ்வளவுதானா?

— உங்களுக்கு அவ்வளவுதான். அப்புறம் என்கிட்ட கேட்டான். "உன் வளையல் தாழ்ப்பாள்ல பட்டுப் பட்டு சத்தம் வந்துண்டே இருந்ததும்மா. மூணு மணி நேரம் அதைக் கேட்டுண்டு நின்னேன். நீ ஏன் திறக்கலை?"ன்னான். அவன் வராதது உங்களால இல்லை. என்னால.

— மாமி! அப்ப வெளில நின்னவனுக்கு அந்தக் கை தெரிஞ்சிருக்குது! நான் சொன்னது பூராத் தப்புங்க! அழுவாதீங்க மாமி, ஒரே நிமிஷம், சார் அந்தப் பேனாவக் குடுங்க. "அவர் கை"ய அடிச்சுட்டு "அம்மா கை"ன்னு போட்டுக்கலாம், கடைசி வரில மழைய எடுத்துட்டு வளையல வெக்கலாம், மொதப் பரிசு இதுக்குத்தான், மேடைல மாமியே படிக்கட்டும், மாதவ் முன் வரிசைல உக்காந்து கேக்கட்டும். எப்புடிங்க இருக்குது? சொல்லுங்க, ரெண்டு பேரும் என்ன நெனைக்கறீங்க?