மறுபடி பாருங்க

இருக்கை என்றால் பலருக்கும் நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. நான் பொறுப்பேற்ற அன்று பல்கலைக்கழகக் காவலாளி என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சார் அந்த நாற்காலி? பேப்பர்ல பெருசா போட்டிருந்தாங்களே" என்றார். அது ஒரு பேராசிரியர் பதவி, முதியோர் கல்விக்கானது, எழுதப் படிக்கத் தெரியாமலே இறந்துபோன தன் அம்மாவின் நினைவாக ஒரு மெத்தைத் தொழிற்சாலை முதலாளி நிறுவியது என்று விளக்கினேன். "அப்ப உட்கார முடியாதா?" என்றார். நல்ல மனிதர்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தது ஒரே ஒரு கேள்விக்காக. என் வகுப்புக்கு வரும் இஸ்திரி அக்காவுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். படித்துப் பார்த்தேதான் புருஷனுக்கு மாத்திரையை அள்ளிக் கொடுத்துக் கொன்றார் என்று அவருடைய கொழுந்தன் புகார் கொடுத்திருக்கிறார். பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்த முதலாளி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பேராசிரியர் ஆராய்ச்சி செய்தால் மட்டும் போதாது. பெரியவர்களுக்கு மாலை வகுப்பும் நடத்த வேண்டும். ஆள் வராமல் வகுப்பு நின்றால் பதவி வேறு துறைக்குப் போய்விடும். நியாயமான நிபந்தனைதான். முதலில் வந்தவர்களுக்கு உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தேன். கட்டட மேஸ்திரி, பள்ளி ஆயா, மீன் விற்கிற அம்மா எல்லாரும் மளமளவென்று படிக்க ஆரம்பித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்புறம் போய்விட்டார்கள். பெஞ்சுகள் காலி. மேலிடம் என்னிடம் விளக்கம் கேட்டது. படிக்கத் தெரிந்த பிறகு எதற்கு வரப்போகிறார்கள், நான் என்ன செய்ய முடியும்?

வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவர் ஒரு வரியைச் சரியாகப் படித்தார். நான் வேறு ஏதோ யோசனையில் பேசாமல் நின்றிருந்தேன். அவர் முகம் வாடிப்போனது. சரியாகப் படித்த வரியைத் தானே தப்பாக மாற்றிப் படித்தார். அதற்கப்புறம் நான் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது சரியாகப் படித்தால் புருவத்தை லேசாக உயர்த்துவேன். "அப்படியா? மறுபடி பாருங்க." அவ்வளவுதான். யாரும் வகுப்பை விட்டுப் போகவில்லை. வாழ்நாள் கல்வி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொல் தவறாமல் நடத்தினேன்.

இஸ்திரி அக்கா ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். அவரிடம்தான் நான் அதிகம் பாடுபட்டேன். எத்தனை தடவை புருவத்தை உயர்த்தினாலும், "இல்ல சார், அப்படித்தான் போட்டிருக்கு" என்பார். அந்த "இல்ல சார்" போக நெடுநாள் ஆயிற்று. அதோடு சிரிப்பும் போனது.

அவருடைய கணவருக்கு மூட்டுவாதம். புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவர் அவசரமாகச் சொன்னது அந்த மனிதரின் மனதில் தங்கவில்லை. அக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், டப்பாவுல தமிழ்ல எழுதியிருக்கிறத எழுத்துக் கூட்டிச் சொல்றேன். வா... ர... ம். வாரம் ஒண்ணு. சரியா சார்?"

நான் பேசாமல் இருந்தேன்.

"தப்பா சார்? தினம் ஒண்ணா இருக்குமோ?"

"மறுபடி பாருங்க."

"தினம்தான் சார். மாத்திரைய யாராவது வாரத்துக்கு ஒண்ணு குடுப்பாங்களா? நான் ஒரு மண்டு."

"பரவாயில்லம்மா," என்றேன்.

அது என்ன மாத்திரை என்று அப்போது எனக்குத் தெரியாது. வாரம் என்ற சொல்லில் என்னென்ன எழுத்துகள் என்று தெரியும்.

சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "வாயெல்லாம் புண்ணு சார். தண்ணி கூட உள்ள இறங்க மாட்டேங்குது. நான் சரியாத்தானே குடுக்கறேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியா இருக்கும்."

மூட்டுவாதத்துக்கு அப்படி ஒரு மாத்திரை உண்டு, தினமும் சாப்பிட்டால் ஆளையே கொன்றுவிடும் என்று அதற்குள் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். "நீங்க மொதல்ல படிச்சதுதாம்மா சரி." இதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அக்கா அதை வகுப்பில் சொல்வார். எல்லாரும் தாங்கள் முதலில் படித்ததையெல்லாம் நினைத்துப் பார்ப்பார்கள். பெஞ்சுகள் மறுபடி காலியாகும். என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

"சரியாத்தான் குடுக்கறீங்க," என்றேன்.

ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்த பிறகு, மருந்தாளுநர் டப்பாவைக் கையில் வாங்கி உரக்கப் படித்தாராம். "மொதல்ல நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று மட்டும் அக்கா சொன்னாராம். எனக்கு ஃபோன் செய்ததை அவர் உங்களிடம்கூடச் சொல்லவில்லை. சாரை எதற்கு இதில் இழுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியும். வந்த முதல் வருடமே அவர் நன்றாகப் படித்தார். தெரியாது என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவருடைய கணவரைக் கொன்றவனும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள், இன்று மாலை வகுப்பு இருக்கிறது. எனக்குப் பதிலாக யார் வந்தாலும் பொறுமையாக நடத்தச் சொல்லுங்கள். பாவம், தனியாகப் படிக்கிற அளவுக்கு அக்கா இன்னும் தேறவில்லை.