கருமாதி முடிந்தவர்

நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்திருக்கும் நேரத்தை ஊரே சபிக்கும். நான் மட்டும் சபித்ததில்லை. என்னுடைய துப்பறியும் நாவல்களில் பாதி, அங்கே பைக்கில் உட்கார்ந்தபடி யோசித்தவைதான்.

"இந்தக் கதையெல்லாம் எங்கேர்ந்து சார் புடிக்கிறீங்க?" என்று முதலில் கேட்டீர்கள், அனுராதா மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், ஆனால் வாசகர்களும் இதையேதான் கேட்பார்கள். சில எழுத்தாளர்கள் பொறி தட்டியது, கனவு வந்தது என்பார்கள். சுத்தப் புளுகு. கதை தானாக நடந்து வரும். அதைக் கூப்பிட்டு உட்கார வைக்கத் தெரிய வேண்டும். மாதம் ஒரு நாவல் எழுதினாலும் எனக்குச் சோறு போடுவது ஃப்ளெக்ஸ் கடைதான். சாவு விழுந்த வீட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கொண்டுவருகிறவர்கள், நான் படத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். அதில் ஒன்றிரண்டைப் பேர் மாற்றி எழுதுவேன். இதற்கு மேல் தொழில் ரகசியம் எதுவும் இல்லை.

குணசேகரன் விஷயமும் அப்படி வந்ததுதான். எங்கள் தெருக்காரர், அறுவடை மெஷின் ஓட்டுபவர். சித்திரையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சாவித்திரி தெருவே கேட்கக் கத்தினார். போனைக்கூட எடுக்காமல் கிளம்பிய மனிதர் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் 'காணவில்லை' நோட்டீஸ் அடிக்க சாவித்திரி என் கடைக்கு வந்தார்.

"கோவத்துல சொன்னதுண்ணே. அவரு வந்தா போதும், கால்ல விழுந்துருவேன்."

பாவமாக இருந்தது. நல்ல ஆரம்பமாகவும் இருந்தது.

வைகாசியில், உப்பளத்தில் நடக்கும் ஓர் அத்தியாயத்துக்காகக் கோடியக்கரைப் பக்கம் இடம் பார்க்கப் போனேன். அங்கே குணசேகரன் உப்பு வாரிக்கொண்டிருந்தார். தாடி மண்டி, வெயிலில் கறுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெடுமாறண்ணே, அவ கோவம் தணிஞ்சிருச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே. வான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னிக்கே பஸ் ஏறிடுவேன்."

கேட்டுச் சொல்வதாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஊர் திரும்பியதும் சாவித்திரியிடம் சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அதுதான் சிக்கல். மூன்றே அத்தியாயத்தில் முடிகிற நாவலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சாவித்திரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மறுமுறை போனபோது குணசேகரனிடம், "இன்னும் கோவமாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் போவட்டும்" என்றேன். அவர் முகம் சுருங்கிய விதத்தை நாலாம் அத்தியாயத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். கற்பனையில் அதெல்லாம் வராது.

ஆனியில் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது. ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு ஷட்டரில் ஓர் ஆண் பிணம் ஒதுங்கியது. உங்களுக்கு முன்பு இருந்த இன்ஸ்பெக்டர், அடையாளம் காட்டச் சாவித்திரியைக் கூப்பிட்டார். துணைக்கு நான் போனேன். சாவித்திரி பிணவறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னால பாக்க முடியாதுண்ணே. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

உள்ளே போய்ப் பார்த்தேன். ஊதிப்போன உடம்பு. யாரோ ஒருவர். வெளியே வந்து, "நம்ம குணசேகரன்தான்மா" என்றேன். ஒரு பிணம் விழுந்தே ஆக வேண்டிய அத்தியாயம் அது. உள்ளே கிடந்தவரை எந்த வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது; அது வேறு கதை.

கருமாதி முறைப்படி நடந்தது. சாவித்திரியின் தாலியைக் கழற்றியபோது நான் அருகில்தான் நின்றேன். உண்மையாகவே அழுதேன். பேனரைச் சும்மாதான் அடித்துக் கொடுத்தேன். ரயில்வே கேட்டுக்கு வடக்கே, மின்கம்பத்தில் குணசேகரன் சிரிக்கும் அந்தப் பேனர் இன்னும் தொங்குகிறது. கீழே உள்ள கவிதை என்னுடையது.

கடைசி அத்தியாயம்தான் வரவில்லை. செத்துவிட்டதாக ஊரும் சர்க்காரும் ஒப்புக்கொண்ட ஒருவனைக் கொன்றால், கொன்றவனை யார் தேடுவார்கள்? அருமையான முடிச்சு. ஆனால் நான் திட்டம் போட்டு எழுதுகிறவன் அல்ல, மேடம். பாத்திரங்கள் போகிற வழியே போகிறவன்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. கேட் அடைத்திருந்தது. தெற்குப் பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி, குணசேகரன் நேராக என் பைக்கிடம் வந்தார். மடியில் இருந்த பையைப் பிரித்துக் காட்டினார். மஞ்சள் கயிறு, காதோலை, கருகமணி.

"பெருக்குக்கு அவ கயிறு மாத்தணும்லண்ணே. கோவம் இருந்தா இருந்துட்டுப் போவுது. நான் உள்ள போவல, இதக் குடுத்துட்டு வாசல்லயே நின்னுக்கறேன்."

கேட்டைத் தாண்டினால் தன் பேனரைத் தானே பார்ப்பார்.

ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, குனிந்து நுழைந்து நான் முதலில் வடக்குப் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் அடுத்த தண்டவாளத்தில் தனி எஞ்சின் வருவது தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து கேட் கீப்பர் அறை அதை மறைக்கும். மழைக்காக எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள்.

"வரலாமாண்ணே?" என்று கேட்டார்.

"வா" என்றேன்.

முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும், கருமாதி முடிந்தவரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? 'அடையாளம் தெரியாத ஆண்' என்று நோட்டீஸ் அடிக்க உங்கள் ஸ்டேஷனிலிருந்து என் கடைக்கே வந்தார்கள். தாமதம் செய்யாமல் அடித்துக் கொடுத்தேன். பிணத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. நாவலும் அந்த மாதமே வெளிவந்தது.

மாட்டிக்கொண்டது என் தொழில் புத்தியால்தான். பையில் இருந்தவற்றை நீங்கள் வெளியே யாருக்கும் சொல்லவில்லை. நானோ கடைசி அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். அப்படியொரு விவரம் கையில் இருக்கும்போது வீணாக்க மனம் வருமா? நீங்கள் என் நாவல்களைப் படிக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

ஒன்று மட்டும் சரியாகப் பதிவாகட்டும். நான் அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. சாவித்திரி சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையைத்தான் நான் சொன்னேன். நாவலில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. கொலைகாரனுக்கும் செத்தவனுக்கும் பழைய வரப்புத் தகராறு ஒன்று வைத்தேன். ஒரு கடைசி அத்தியாயத்துக்காக மனுஷன் அப்படிச் செய்வான் என்று எழுதினால், எந்த வாசகர் நம்புவார், சொல்லுங்கள்.